ஐம்பத்தாறரை

தாளில் துணியின் அகலம் ஐம்பத்தெட்டு அங்குலம்.
கமாலுதீன் ரோலைப் பிரித்து
டேப்பை வைத்தபோது ஐம்பத்தாறரை.
இன்னொரு ரோல். ஐம்பத்தாறரை.
கம்பெனி டேப்பை உதறிவிட்டுத்
தன் சொந்த டேப்பை எடுத்து வைத்தார்.
துணி கூசவே இல்லை.

"உன் பிளான் அவ்ளோதாம்மா" என்றார்,
யார் வீட்டிலோ துக்கம் சொல்ல வந்த குரலில்.

அம்பத்தூர் வெயில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
வெட்ட வேண்டியதோ கார்டுராய்.
எந்த ஊர்ப் பனிக்கோ இரண்டாயிரத்து நானூறு சட்டை.
எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று.
ஆறு உடம்பை ஒரே பாயில் படுக்கவைத்து
ஒன்பது மீட்டர் அறுபதில் முடித்திருந்தேன்.
அந்தச் சந்தோஷத்தில் நேற்று கேன்டீனில்
எனக்கு நானே இரண்டாவது பஜ்ஜி வாங்கிக்கொடுத்தேன்.

அகலம் குறைந்தால் நீளம் கேட்கும்.
லேயருக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர்,
நானூறு லேயர்,
நூறு மீட்டர்.
அறுபது சட்டை உடுத்த ஒன்றுமில்லாமல் நிற்கிறது.

மில்காரர் ஈரோட்டிலிருந்து ஃபோனில் கேட்டார்:
"கரையச் சேத்து அளந்தீங்களா மேடம்?"
கரையைச் சேர்த்துத்தான் அளந்தோம் ஐயா,
கரை சேரவில்லை.

வேறு துணியென்றால் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி
கைக்குழி வளைவில் இன்னொன்றின் தோளைச் செருகலாம்.
கார்டுராய்க்கு ரோமம் உண்டு.
மேலே தடவினால் ஒரு நிறம்,
கீழே தடவினால் வேறொன்று.
எல்லாத் தலையும் ஒரே திசையில்தான்.

கொரட்டூரில் எங்கள் அறை பத்துக்கு எட்டு.
மாமியாருக்கு வடக்கே தலைவைக்க ஆகாது.
கொழுந்தன் ஆறடி, குறுக்கே கிடந்தால் கதவு திறக்காது.
நைட் ஷிப்ட் முடிந்து ஐந்தரைக்கு வருகிறவருக்கு
விட்டுவைத்த இடத்தில்
அதுவரை மகள் கிராஸில் கிடப்பாள்.
பீரோவை விற்றால் ஓர் ஆள் நீளம் கிடைக்கும்.
தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்,
எண்பத்தொன்பது சதவீதம்.
என் எந்த மார்க்கரிலும் அவ்வளவு வந்ததில்லை.

காலையில் துண்டுகளின் இடைவெளியைச்
சுருக்கினேன். மூன்று மில்லிமீட்டர், இரண்டு, ஒன்று.
கமாலுதீன் பின்னால் நின்று பார்த்தார்.
"கத்தி உள்ள போக வழி விடும்மா.
அதுவும் ஒரு ஆளுதானே."

விட்டேன்.

சோற்று டப்பாவைக் கழுவும்போது தோன்றியது.
யோக்குக்கு உள்பக்கம் என்று ஒன்று இருக்கிறது.
சட்டையை மாட்டிவிட்டால்
முதுகைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.
அதை மட்டும் சாதா காட்டனில் வெட்டினால்?

ப்ரிசில்லா பையருக்கு எழுதினாள்.
அங்கே அப்போதுதான் ஆபீஸ் திறக்கிற நேரம்.
இருபத்துநாலு மீட்டர் மேசை காலியாகக் கிடந்தது.
யாரோ அதன்மேல் டீ டம்ளர் வைத்தார்கள்,
கமாலுதீன் பார்த்த பார்வையில் எடுத்துக்கொண்டார்கள்.

நாலு ஐம்பதுக்குப் பதில் வந்தது.
செய்யலாம்.
சட்டைக்கு நாலு சென்ட் குறைத்துக்கொள்ளவும்.

ஒன்பது மீட்டர் அறுபத்திரண்டு.
முதல் லேயை விரித்தார்கள்.
கத்தி இறங்கும் சத்தம் எனக்குப் பிடிக்கும்,
அதற்கு மேல் யாரும் எதையும் திருத்தச் சொல்ல முடியாது.

எங்கோ ஒருவன் பனியில் காலரைத் தூக்கிவிடுவான்.
தோள்பட்டைக்கு உள்ளே
ஒரு சாண் மட்டும் வழுவழுவென்று இருக்கும்.
ஏனென்று யோசிக்க மாட்டான்.
யோசித்தாலும் ஐம்பத்தாறரை என்ற விடை வராது.

ஏழே காலுக்கு லோக்கல் ரயில்.
கம்பிக்கும் ஒரு காலேஜ் பையனின் முதுகுப் பைக்கும் நடுவே
தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றேன்.
கத்தி போகிற அளவுக்கு இடமிருந்தது.
பட்டரவாக்கத்தில் இன்னும் நாலு பேர் ஏறினார்கள்.